ஐயெல்ட்ஸ் பேச்சுத் தேர்வில் பூங்கா பற்றிக் கேட்டால் பதில் நின்றுபோகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி

ஈரோட்டில் வீட்டு முன்னறையில் சாயங்காலம் ஐயெல்ட்ஸ் என்கிற ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குப் பழக்கிவிடுகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் இங்கிலாந்து போகக் காத்திருக்கும் நர்சுகள். மற்றவர்கள் இன்ஜினியரிங் முடித்த பிள்ளைகள், திருப்பூர் பனியன் கம்பெனிகளில் மெர்ச்சன்டைசராக இருப்பவர்கள். வேலை பற்றிக் கேட்டால் பேசிவிடுகிறார்கள், குடும்பம் பற்றிக் கேட்டாலும் பேசிவிடுகிறார்கள். பூங்கா என்று வந்தால் வண்டி நின்றுவிடுகிறது. சின்னத் தலைப்புத்தானே என்று யாரும் அதைப் பழகிப் பார்ப்பதில்லை.

தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். மூன்று பகுதிகள். பூங்கா மூன்றிலும் வரலாம்: பகுதி 1-இல் சிறு கேள்விகளாக, பகுதி 2-இல் அட்டையைக் கொடுத்து 'உங்களுக்குப் பிடித்த பூங்காவைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று, பகுதி 3-இல் ஊருக்கும் பூங்காவுக்கும் உள்ள உறவைப் பற்றிய விவாதமாக. சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நான்கு அளவுகோல்கள். நான்குக்கும் சம எடை. உங்கள் கருத்து சரியா தப்பா என்பதற்கு மதிப்பெண் கிடையாது.

முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு மூன்று கேள்விகளுக்கு வாய்விட்டுப் பதில் சொல்லுங்கள். பூங்காவுக்குப் போவது பிடிக்குமா? சின்ன வயதில் போனதுண்டா? பிடித்த ஒரு பூங்காவைப் பற்றி இரண்டு நிமிடம் பேச முடியுமா? மறுநாள் காலையில் அதைக் கேளுங்கள். உடனே கேட்டால் சொல்ல நினைத்ததுதான் காதில் விழும். ஒரு ராத்திரி கழித்துக் கேட்டால் சொன்னது விழும். கீழே உங்கள் அறிகுறி எதுவோ அதை மட்டும் படித்தால் போதும். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே கொடுத்திருக்கிறேன். இது வாய்க்கும் காதுக்குமான தேர்வு, ஸ்பெல்லிங்குக்கு இங்கே வேலையில்லை.

அறிகுறி: "யெஸ், ஐ லைக்" என்பதோடு பதில் முடிந்துவிடுகிறது

"பார்க்குக்குப் போகப் பிடிக்குமா?" என்றால் தமிழில் "பிடிக்கும்" என்ற ஒரு சொல்லே முழுப் பதில். அதை அப்படியே தூக்கி வைத்தால் "ஐ லைக்" என்று வரும். ஆங்கிலத்தில் அது பாதியில் அறுந்த வாக்கியம். எதைப் பிடிக்கும் என்பது கூடவே வந்தாக வேண்டும். "யெஸ், ஐ டூ" என்றால் சரி. "யெஸ், ஐ லைக் தெம்" என்றாலும் சரி.

அதற்குமேல் இரண்டு வாக்கியம் வேண்டும். எப்போது போகிறீர்கள், யாரோடு போகிறீர்கள், அங்கே என்ன செய்கிறீர்கள் என்பதில் ஏதாவது இரண்டைச் சேருங்கள். "யெஸ், ஐ டூ. ஐ யூஷுவலி கோ வித் மை சிஸ்டர் ஆஃப்டர் ஹெர் ட்யூஷன். வீ வாக் டூ ரவுண்ட்ஸ் அண்ட் தென் சிட் நியர் தி ஸ்விங்ஸ்." பகுதி 1-க்கு இவ்வளவு போதும். ஏழெட்டு வாக்கியம் போனால் கேள்வி கேட்கும் தேர்வாளரே அடுத்த கேள்விக்கு நகர்ந்துவிடுவார்.

அறிகுறி: "நான் பூங்காவுக்கே போனதில்லை, என்ன சொல்ல?"

எனக்கு மிகவும் பிடித்த அறிகுறி இது. கோபிப் பக்கத்துப் பையன் ஒருவன் இரண்டு வாரம் இந்தத் தலைப்பில் வாயே திறக்கவில்லை. கடைசியில் தமிழில் சொன்னான்: "அக்கா, நாங்க எதுக்குங்க பார்க்குக்குப் போறம்? எங்க தோட்டத்துலயே தென்னை நிழல், கிணறு, கட்டில் எல்லாம் இருக்குதுங்களே."

கண்ணு, அதுதான் பதில் என்றேன். "நாட் ரியலி. ஐ க்ரூ அப் ஆன் எ கோகனட் ஃபார்ம், ஸோ வீ நெவர் நீடெட் எ பார்க். வென் ஐ வான்ட் சம் பீஸ் அண்ட் கொயட், ஐ ஜஸ்ட் லை டவுன் அண்டர் தி ட்ரீஸ்." இல்லை என்று சொல்வதற்கு மதிப்பெண் குறையாது. இல்லாத பூங்காவைக் கற்பனை செய்து திணறுவதற்குத்தான் குறையும்.

ஆனால் இந்தப் பதிலைச் சொல்லும்போது நம் பக்கத்துக்காரர்களுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பையன் முதலில் ஆங்கிலத்தில் என்ன சொன்னான் தெரியுமா? "மை ஃபாதர் இஸ் வொர்க்கிங் இன் அவர் கார்டன். வீ ஹேவ் டூ ஏக்கர்ஸ் ஃபாரஸ்ட் ஆல்ஸோ." நமக்குத் தோட்டம் என்றால் கிணற்றுப் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் தென்னையும் விளைகிற நிலம். காடு என்றால் மழையை நம்பிச் சோளமும் கடலையும் போடுகிற மேட்டு நிலம். கார்டன் என்று சொன்னால் கேட்பவர் மனதில் வீட்டு முன்னால் நாலு ரோஜாச் செடிதான் வரும். ஃபாரஸ்ட் என்றால் புலியும் யானையும் வரும். அப்பா கார்டனில் வேலை செய்கிறார் என்றால் யாரோ ஒருவர் வீட்டில் தோட்டக்காரராக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்துக்கு "ஃபார்ம்" என்று சொல்லுங்கள். காட்டுக்கு "ட்ரை லேண்ட்" அல்லது "ஃபீல்ட்ஸ்". பாசன வசதி இருப்பதைச் சொல்ல வேண்டுமென்றால் "வீ வாட்டர் இட் ஃப்ரம் அவர் ஓன் வெல்". இந்த மூன்றையும் சரியாகப் பிரித்துச் சொல்லிவிட்டாலே சொல்வளத்தில் நல்ல பெயர்.

அறிகுறி: மனப்பாடம் செய்தது நன்றாக வருகிறது, ஆனால் மதிப்பெண் ஏறவில்லை

"பார்க்ஸ் ஆர் தி லங்ஸ் ஆஃப் தி சிட்டி" என்று தொடங்கும் பதிலை நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அதைச் சொல்லும்போது குரலே மாறிவிடும். வேகம் கூடும், கண் சுவரைப் பார்க்கும். பயிற்சி பெற்ற தேர்வாளருக்கு அது முதல் வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். அடுத்து, மனப்பாடத்தில் இல்லாத இடமாகப் பார்த்துக் கேள்வி கேட்பார். அப்போது முதலில் பேசிய ஆங்கிலத்துக்கும் இப்போது பேசுகிற ஆங்கிலத்துக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

பூங்காவின் பயன்கள் என்று எழுதி வைத்திருப்பதைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஊரில் உள்ள ஒரே ஒரு பூங்காவுக்கு, இந்த வாரமே, போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதை இருக்கிறது, வ.உ.சி. பூங்கா இருக்கிறது. ஈரோட்டிலும் ஒரு வ.உ.சி. பூங்கா உண்டு. பொள்ளாச்சிக்காரர்களுக்கு ஆழியாறு, உடுமலைக்காரர்களுக்கு அமராவதி. போய் மூன்றே விஷயங்களைப் பார்த்துக்கொண்டு வாருங்கள்: ஒரு மரம், ஒரு மனிதர், ஒரு சத்தம். ஊஞ்சல் கிரீச்சிடுவதைச் சொல்ல "தி ஸ்விங்ஸ் க்ரீக்" என்ற மூன்று சொற்கள் போதும். எந்தக் கைடிலும் அது இருக்காது, அதனால் மனப்பாடம் போலவும் கேட்காது. கண்ணால் பார்த்ததைச் சொல்லும்போது அடுத்த கேள்வி எங்கிருந்து வந்தாலும் பதில் இருக்கும், ஏனென்றால் நீங்கள் அங்கே உட்கார்ந்திருந்தீர்கள்.

அறிகுறி: எல்லா வாக்கியத்திலும் "ஐ வில் கோ" வருகிறது

பதிவைக் கேட்கும்போது "வில்" எத்தனை தடவை வருகிறது என்று விரல் விட்டு எண்ணுங்கள். இரண்டு நிமிடத்தில் பத்துத் தடவை வருகிறவர்கள் உண்டு. இது கவனக்குறைவால் வருவதில்லை, தமிழ் இலக்கணம் உள்ளிருந்து செய்கிற வேலை. "ஞாயித்துக்கிழமை ஆனா பார்க்குக்குப் போவேன்" என்கிறோம். போவேன் என்பது வடிவத்தில் எதிர்காலம். ஆனால் சொல்வது பழக்கத்தை. தமிழில் வழக்கமாகச் செய்வதற்கும் இனிமேல் செய்யப்போவதற்கும் ஒரே வினை போதும். ஆங்கிலத்தில் போதாது. "எவ்ரி சண்டே ஐ வில் கோ டு தி பார்க்" என்றால், இதுவரை போனதில்லை, இனிமேல் போவதாக வாக்குக் கொடுக்கிறேன் என்பது போல விழும்.

பழக்கம் என்றால் "ஐ கோ". அவ்வளவுதான். "ஐ கோ தேர் எவ்ரி சண்டே."

சின்ன வயதுக் கேள்வியில் இன்னும் ஆழமாக மாட்டிக்கொள்வோம். "சின்ன வயசுல அப்பா கூட்டிட்டுப் போவாரு, நாங்க சறுக்கு விளையாடுவோம், வரும்போது பொரி வாங்கித் தருவாரு." எவ்வளவு அழகான வாக்கியம்! நடந்து முடிந்த காலத்தை எதிர்கால வினையில் சொல்கிறோம், தமிழ் காதுக்கு ஒரு குழப்பமும் இல்லை. இதை "மை ஃபாதர் வில் டேக் அஸ், வீ வில் ப்ளே" என்றால் ஆங்கிலக் காதுக்கு அப்பா நாளைக்குக் கூட்டிக்கொண்டு போகப்போகிறார். இந்த இடத்துக்கென்றே ஆங்கிலத்தில் "யூஸ்ட் டு" இருக்கிறது. "மை ஃபாதர் யூஸ்ட் டு டேக் அஸ் ஆன் ஹிஸ் டிவிஎஸ் ஃபிஃப்டி." முதல் வாக்கியத்தில் "யூஸ்ட் டு" போட்டுவிட்டால் அடுத்தடுத்த வாக்கியங்களில் "வுட்" போடலாம்: "வீ வுட் கோ டவுன் தி ஸ்லைட் டில் இட் காட் டார்க், அண்ட் ஹி வுட் பை அஸ் பஃப்ட் ரைஸ் ஆன் தி வே ஹோம்."

ஒரேயொரு நாள் நடந்ததா? அப்போது "வென்ட்", "சா", "பாட்", "எய்ட்". போன ஞாயிற்றுக்கிழமை போனது "ஐ வென்ட்".

பழகும் முறை: ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். இப்போது வழக்கம், அப்போது வழக்கம், ஒருநாள் நடந்தது. ஒவ்வொன்றிலும் பூங்கா பற்றி மூன்று வாக்கியம் தமிழில் எழுதி, பார்த்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொல்லுங்கள். முதல் கட்டத்திலும் இரண்டாவதிலும் தமிழ் வினை ஒன்றாகவே இருக்கும், ஆங்கிலம் மாறும். அந்த இடத்தில் நாக்கு தடுக்கும். ஒரு வாரம் தடுக்கட்டும்.

இதே வீட்டிலிருந்து வருகிற சின்னப் பிழைகள் சிலவும் உண்டு. "ஒரு பார்க் இருக்கு" என்பது "ஒன் பார்க் இஸ் தேர்" ஆகிவிடும். "தேர் இஸ் எ பார்க்" என்று திருப்புங்கள். "காலையிலதான் போவேன்" என்பது "மார்னிங் ஒன்லி ஐ வில் கோ" ஆகும். அந்தத் 'தான்' ஆங்கிலத்தில் குரல் அழுத்தத்தில் வரும், "ஐ கோ இன் தி மார்னிங்" என்று மார்னிங்கை அழுத்தினாலே போதும்.

அறிகுறி: இரண்டு நிமிடம் பேசச் சொன்னால் நாற்பது நொடியில் தீர்ந்துவிடுகிறது

பகுதி 2-இல் அட்டை கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடமும், குறித்துக்கொள்ளத் தாளும் பென்சிலும் தருவார்கள். அட்டையில் பெரும்பாலும் எங்கே இருக்கிறது, எப்போது போவீர்கள், எப்படி இருக்கும், ஏன் பிடிக்கும் என்கிற மாதிரி நான்கு வரி இருக்கும். நம் பிள்ளைகள் நான்குக்கும் தலா ஒரு வாக்கியம் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேள்வித்தாளுக்கு விடை எழுதிய பழக்கம்.

சத்தியமங்கலத்து நர்ஸ் ஒருத்தி பவானிசாகர் அணைப் பூங்காவை எடுத்தாள். அணை எவ்வளவு நீளம், 1955-இல் கட்டி முடித்தது, பூங்காவில் பூக்கள் உண்டு, சறுக்கு உண்டு. 38 நொடி. அப்புறம் மௌனம். நான் தமிழில் கேட்டேன்: "கடைசியா யாரோட போன கண்ணு?" அவ்வளவுதான், மடை திறந்த மாதிரி வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு அம்மாயியை (அம்மாவின் அம்மாவை) கூட்டிக்கொண்டு போனது, கூட்டத்தில் மீன் வறுவல் வாங்கியது, ஊஞ்சலில் உட்காரச் சொன்னதற்கு அம்மாயி "இந்த வயசுல எனக்கென்னத்துக்குச் சாமி" என்று மறுத்தது, பிறகு ஏறி உட்கார்ந்ததும் இறங்க மாட்டேன் என்றது, செருப்பு ஒன்று பறந்து புல்லில் விழுந்தது. நாலு நிமிடம் பேசினாள்.

அதையே ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னேன். அணையின் நீளம் போய்விட்டது. அம்மாயி வந்தாள். "மை கிராண்ட்மதர் ரிஃப்யூஸ்ட் டு சிட் ஆன் தி ஸ்விங், பட் ஒன்ஸ் ஷி காட் ஆன், ஷி வுடன்ட் கெட் ஆஃப். ஒன் ஆஃப் ஹெர் ஸ்லிப்பர்ஸ் ஃப்ளூ ஆஃப் அண்ட் லேண்டட் ஆன் தி கிராஸ்." இந்த இரண்டு வாக்கியத்தில் இறந்தகாலம் இருக்கிறது, 'ஒன்ஸ்' சேர்த்த கலவை வாக்கியம் இருக்கிறது, 'ஃப்ளூ ஆஃப்' போன்ற இயல்பான சொற்சேர்க்கை இருக்கிறது. ஒன்றையும் அவள் இலக்கணப் புத்தகத்திலிருந்து யோசித்து எடுக்கவில்லை. சொல்ல வேண்டியிருந்ததால் வந்தது.

அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள். ஐந்து சொல் போதும், அதுவும் உள்ளே நுழைந்தது முதல் வெளியே வந்தது வரையிலான வரிசையில். அவள் தாளில் இருந்தவை: பஸ், மீன், ஊஞ்சல், செருப்பு, இருட்டு. தமிழில் எழுதினாலும் யாரும் கேட்கப்போவதில்லை, அந்தத் தாளுக்கு மதிப்பெண் இல்லை. தேர்வாளருக்கு நம் ஊர்கள் தெரியாமல் இருக்கலாம். அதனால் முதல் வாக்கியத்தில் இடத்தை நிறுத்திவிடுங்கள்: "இட்ஸ் எ பார்க் ரைட் நெக்ஸ்ட் டு எ பிக் டேம், அபவுட் டூ அவர்ஸ் ஃப்ரம் ஈரோடு."

அறிகுறி: நைஸ், குட், பியூட்டிஃபுல் தவிர வேறு சொல் வரவில்லை

கனமான சொல் தேடிப் போகாதீர்கள். பூங்காவில் கண்ணெதிரே இருப்பதற்குப் பெயர் தெரிந்தாலே பாதி வேலை முடியும். தூங்குமூஞ்சி மரத்துக்கு "ரெயின் ட்ரீ". அதன் இலைகள் சாயங்காலம் மடங்கிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள்: "இட்ஸ் லீவ்ஸ் ஃபோல்ட் அப் இன் தி ஈவினிங்." 'பியூட்டிஃபுல் ட்ரீ' என்று நாலு தடவை சொல்வதைவிட இந்த ஒரு வாக்கியம் மேல்.

நிழலில் ஒரு கண் வையுங்கள். மர நிழலும் நிழல்தான், நம் கூடவே நடக்கும் உருவமும் நிழல்தான். ஆங்கிலத்தில் வெயிலுக்கு ஒதுங்குகிற நிழல் "ஷேட்", தரையில் விழுகிற உருவம் "ஷேடோ". "வீ சாட் இன் தி ஷேட்" என்பதே சரி. காற்று வாங்கப் போனேன் என்பதற்கு "டு கெட் சம் ஃப்ரெஷ் ஏர்". கூட்டமாக இருக்கும் என்பதற்கு "இட் கெட்ஸ் க்ரவுடெட்".

வாசலில் விற்கிற தின்பண்டத்தின் பெயரை மட்டும் சொல்லி நகராதீர்கள். கோவைப் பக்கத்துத் தள்ளுவண்டிக் காளானை நாமே வெளியூர்க்காரருக்கு விளக்க வேண்டியிருக்கிறதே! "எ ஸ்பைசி ஸ்நாக் மேட் வித் மஷ்ரூம்ஸ் அண்ட் கேபேஜ், டாப்ட் வித் ரா ஆனியன்ஸ்" என்று விளக்கத் தெரிந்தவருக்குச் சொல்வளம் இருக்கிறது என்று அர்த்தம்.

அறிகுறி: "வாட் டிட் யூ சே?" என்று திரும்பக் கேட்கிறார்

தமிழ் உச்சரிப்புச் சாயல் இருப்பது குற்றமில்லை. புரியாமல் போவதுதான் பிரச்சினை, இந்தத் தலைப்பில் அது இரண்டு சொற்களில் நடக்கிறது.

முதலாவது பூங்காவுக்கான சொல்லே. நாய் குரைப்பதற்கான ஆங்கிலச் சொல்லும் பூங்காவுக்கான சொல்லும் தமிழ் எழுத்தில் ஒரே மாதிரி 'பார்க்'தான். 'பல்', 'பால்' என்று சொல்லும்போது நம் 'ப'வில் காற்று வெளியே வராது. அப்படியே சொன்னால் ஆங்கிலக் காதுக்குக் குரைக்கிற சொல்லாக விழ வாய்ப்பு அதிகம். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுச் செய்தித்தாளைப் பிடித்துக்கொள்ளுங்கள். பூங்காவைச் சொல்லும்போது தாள் ஆட வேண்டும். 'பீப்பிள்', 'ப்ளேஸ்', 'பாண்ட்' எல்லாவற்றுக்கும் இதே சோதனை. கடைசியில் 'பார்க்கு', 'பெஞ்சு' என்று 'உ' ஒட்டிக்கொள்கிறதா என்றும் கவனியுங்கள்.

இரண்டாவது நடப்பதும் வேலை செய்வதும். நாம் வேலைக்குச் சொல்லும் 'வொர்க்' பிரிட்டிஷ் காதுக்கு நடப்பது போலக் கேட்கும். நர்சுகள் "ஐ வொர்க் இன் எ ஹாஸ்பிடல்" என்று சொல்லி ஆஸ்பத்திரியில் நடைப்பயிற்சி செய்கிறவர்களாகிவிடக் கூடாது. நடப்பதற்கு உதடு நன்றாகக் குவிந்து 'வோ...க்' என்று நீள வேண்டும், 'ல்' சத்தமே வேண்டாம். வேலைக்கு உதடு குவியவே கூடாது. 'அ'வுக்கும் 'எ'வுக்கும் நடுவில் நீட்டுங்கள். கண்ணாடி முன்னால் நின்று மாற்றி மாற்றி இருபது தடவை.

அறிகுறி: பகுதி 3-இலும் "ஐ கோ, மை பார்க்" என்றே பேசுகிறேன்

இங்கே கேள்வி உங்களிடமிருந்து ஊருக்குப் போய்விடுகிறது. நகரங்களுக்கு இன்னும் பூங்காக்கள் வேண்டுமா, வயதானவர்கள் ஏன் அதிகம் போகிறார்கள், செலவை யார் ஏற்க வேண்டும் என்று கேட்பார்கள். எழுவாயை மாற்றுங்கள்: "பீப்பிள் இன் மை சிட்டி", "ஓல்டர் பீப்பிள்", "ஃபாக்டரி வொர்க்கர்ஸ்". கருத்து ஒன்று, காரணம் ஒன்று, உள்ளூர் உதாரணம் ஒன்று, அப்புறம் 'ஆனால்' என்று எதிர்ப்பக்கம் ஒன்று.

திருப்பூர்த் தம்பி ஒருவன் நஞ்சராயன் குளத்தை எடுத்துக்கொண்டான். பனியன் ஊரின் ஓரத்தில் இருக்கும் பறவைகள் சரணாலயம் அது; 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. "ஈவன் எ டவுன் ஃபுல் ஆஃப் ஃபாக்டரீஸ் கேன் கீப் எ லேக் ஃபார் பேர்ட்ஸ்" என்றான். உடனே தானே மறுபக்கமும் சொன்னான்: ஷிஃப்டு முடித்து இரவு வீட்டுக்கு வருகிறவருக்கு ஊர் ஓரத்துக் குளத்தால் என்ன பயன், தெருமுனையில் விளக்கோடு ஒரு சின்னப் பூங்கா இருந்தால்தானே போவார் என்று. "பட் சம்வன் ஹூ ஃபினிஷஸ் வொர்க் அட் நைன் நீட்ஸ் எ ஸ்மால் பார்க் வித் லைட்ஸ், க்ளோஸ் டு ஹோம்." கோவைக்காரர்களுக்கு உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் கரைகளில் போட்ட நடைபாதைகளை வைத்தே இதே விவாதத்தை நடத்தலாம்.

கேள்வி புரியவில்லையென்றால் "சாரி, குட் யூ ரிப்பீட் தட்?" என்று கேளுங்கள். புரிந்தது போல ஏதோ சொல்வதுதான் ஆபத்து.

அறிகுறி: வாக்கியத்துக்கு வாக்கியம் "சார்", இடையில் "யெஸ்ங்க"

மரியாதை நம் நாக்கில் ஊறியது, மதிப்பெண் குறையாது. ஆனால் ஒவ்வொரு 'சார்'க்கும் பேச்சு ஒரு நொடி நிற்கிறது. உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பேசிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திவிட்டார்

இதில் சரிசெய்ய எதுவும் இல்லை. பகுதி 2-இல் இரண்டு நிமிடம் ஆனதும் நிறுத்துவது அவர் வேலை. சத்தியமங்கலத்து நர்சையும் அப்படித்தான் நிறுத்தினார்கள். அம்மாயி இன்னும் ஊஞ்சலில் இருந்து இறங்கவே இல்லை என்று வெளியே வந்து போனில் சொன்னாள்.